வேப்பம்பலகையும் புளியங்கட்டை ஆப்பும்

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு விசுப்பலகை ஒன்று செய்ய முற்பட்டபோது, ஓர் ஆணிகூட அடிப்பதில்லை என்றும், கால்களின் தலையில் செதுக்கிய நாக்கு பலகையை ஊடுருவி மேலே தெரிய வேண்டும் என்றும் முடிவு செய்திருந்தேன். பலகை, கொல்லையில் சாய்ந்த வேம்பு. நாக்கை விரித்து இறுக்கும் ஆப்புகளுக்குப் பழைய புளியமரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையை எடுத்துக்கொண்டேன். செம்பழுப்பு வேம்பின் நடுவே அது கருங்கோடாகத் தெரியும். (ஆசாரிகள் கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலுக்குப் புளியங்கட்டையை விரும்புவதும் அந்த உறுதிக்காகத்தான்.)

முதல் பலகை பிளந்துவிட்டது. ஆப்புகளைப் பலகையின் ரேகை, அதாவது மரநார், ஓடும் திசையிலேயே வரிசையாக வைத்திருந்தேன். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. மூன்றாவது ஆப்பின்மேல் இரண்டு அடி விழுந்ததும் விரிசல் முனைவரை ஓடியது. காவேரிப்பட்டணத்தில் நிலையும் கதவும் செய்து பழகிய முதிய ஆசாரியிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். "விறகு பிளக்கிற வேலையைத்தானே செஞ்சிருக்கீங்க, தம்பி" என்றார்.

ஆப்பு, பலகையின் ரேகைக்குக் குறுக்காக நிற்க வேண்டும். அப்போது நாக்கு பலகையின் நீளவாக்கில் விரிந்து, ரேகை அறுபட்ட முனைகளை நெருக்கும். அந்தத் திசையில் மரம் எளிதில் பிளக்காது. துளையின் அவ்விரு பக்கங்களையும் மேல்வாய் சற்றே அகலும்படி உளியால் சாய்த்துவிட்டால், விரிந்த நாக்கு புறாவின் வால்போல் அகன்று பூட்டிக்கொள்ளும். பிறகு காலைக் கீழ்நோக்கி இழுத்தாலும் வராது. ஆப்பு இறங்க நாக்கில் இடும் ரம்ப வெட்டு முக்கால் ஆழத்தோடு நிற்க வேண்டும். அதன் அடியில் சிறு துளை ஒன்று போட்டுவிட்டால், பிளவு காலுக்குள் இறங்குவதில்லை. ஆப்பும் மெலிதாக இருக்க வேண்டும். தடித்த ஆப்பு இறங்காமல் எகிறிவிடும்.

கால்கள் நன்றாக உலர்ந்திருப்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். மரம் அகலவாக்கில்தான் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும். நீளம் ஏறக்குறைய மாறாது. ஈரக் காலைப் பொருத்தினால், எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் நாக்கு சுருங்கி ஆடத் தொடங்கும்.

பலகைமேல் கறுப்புப் பட்டையை ஒட்டி, ஆப்பு வைத்ததுபோல் காட்டும் நாற்காலிகளைக் கடைகளில் பார்த்திருக்கிறேன். உள்ளே திருகாணி இருக்கும். எனக்கு அது பிடிப்பதில்லை.

இரண்டாவது பலகையில், நீட்டிக்கொண்டிருந்த நாக்குகளை அறுத்து இழைப்புளியால் சமமாக்கியதும், நான்கு குறுக்குக் கோடுகள் தெளிந்து வந்தன. ஒன்று மட்டும் நூலளவு சாய்ந்திருக்கிறது. பிளந்த பலகை கோழிக்கூண்டுக்குக் கதவாகிவிட்டது.