கல்வெட்டு இறங்கிப்போன சிகரம்

அக்டோபர் 22

சியோல் மெட்ரோவின் கடைசி நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் எதிரே மலை. புகான்சான் தேசியப் பூங்கா, 1983 முதல். நுழைவுக் கட்டணத்தை 2007-இல் எடுத்துவிட்டார்கள். மலைக்குப் போகக் காசு கேட்காத நகரத்தை எனக்குப் பிடித்துப்போயிற்று.

பேகுண்டே 836 மீட்டர். இங்குள்ள சிகரங்களில் இதுவே உயரம். கடைசிப் பகுதி வழுக்கும் மொட்டைக் கருங்கல். இரும்பு வடத்தைப் பிடித்து ஏறவேண்டும். முன்னே ஏறிய மூதாட்டி என் வெறுங்கைகளைப் பார்த்துத் தன் பையிலிருந்து ஒரு ஜோடிக் கையுறையைத் தந்தார். உச்சியில் திருப்பிக் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார்.

உச்சிப் பாறையில், ஜப்பானிய ஆட்சிக்கு எதிரான 1919 விடுதலை எழுச்சியைப் பற்றிச் செதுக்கிய எழுத்துகள் இருக்கின்றன. சுற்றிலும் வேலி. இத்தனை பேர் நடக்கும் இடத்தில் அது வேண்டியதுதான். அந்தப் பக்கம் அடுக்கடுக்காக வீடுகள், இந்தப் பக்கம் சிவந்த மேப்பிள் மரங்கள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 23

முழங்கால் வலி. தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே புகான்சானிலிருந்து வந்த ஒரு பழைய கல்வெட்டு.

பழைய கொரிய நாடுகளில் ஒன்றான சில்லாவின் அரசர் ஜின்ஹங், ஆறாம் நூற்றாண்டில் அந்த மலைச் சிகரம் ஒன்றில் இந்தக் கல்லை நட்டார். பின்னால் வந்தவர்கள் அது யாருடையது என்பதையே மறந்து, ஒரு துறவியின் கல் என்று சொல்லிவந்தார்கள். 1816-இல் கிம் ஜொங்ஹுய் என்ற அறிஞர் மலையேறி, தேய்ந்த எழுத்துகளைப் படித்து, அரசர் கல் என்று கண்டுசொன்னார். தான் படித்ததைக் கல்லின் பக்கவாட்டிலேயே செதுக்கியும் வைத்தார். கொரியப் போரின் குண்டுத் தழும்புகளும் அதில் உண்டு. மழையும் வெயிலும் மேலும் தின்றுவிடாதபடி 1972-இல் கீழே கொண்டுவந்தார்கள்.

பழைய கல்வெட்டின் முன் நிற்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். இன்றும் அப்படித்தான்.

அக்டோபர் 24

வலி குறையவில்லை, ஆனாலும் போனேன். சிகரத்தின் பெயர் பிபோங். ‘பி’ என்றால் கல்வெட்டு, ‘போங்’ என்றால் சிகரம். கல் இறங்கிப்போன பிறகும் பெயர் மலையிலேயே இருக்கிறது.

560 மீட்டர்தான், ஆனால் முடிவில் கைகளாலும் ஏறவேண்டிய பாறை. மூதாட்டியின் கையுறைகள் உதவின. உச்சியில் நிற்பது 2006-இல் வைத்த நகல். நேற்று விளக்கொளியில் பார்த்த அதே உருவம், இங்கே காற்றில். கிம் ஏறி வந்தபோது வடம் ஏது, படி ஏது? பாசி படிந்த எழுத்துகளை விரலால் தடவித் தடவி வாசித்திருப்பார்.

கையுறையைக் கழற்றிவிட்டு நானும் தொட்டேன். கல் சில்லென்றிருந்தது.