பெட்டியில் ஏழு

26.06.2025

சுருட்டு இழுபடவில்லை. இளநீர்க் குழாயில் வழுக்கல் அடைத்துக்கொண்டால் எப்படியோ, அப்படி. கன்னம் உள்ளே போகிறதே தவிர புகை வாய்க்கு வரவில்லை. அரை மணித்தியாலத்தில் நாலு தரம் அணைந்தது. மருமகன், தம்பி என்றுதான் கூப்பிடுவேன், பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படி மாமா?" என்று கேட்டபோது "நல்லம்" என்று சொல்லிவிட்டேன். டோஹாவில் இருந்து கைப்பையில் வைத்துக் கொண்டுவந்த மனிசன். வேறு என்ன சொல்ல?

பெட்டியில் இருந்த பத்தில் ஒன்று போயிற்று.

27.06

பிள்ளைத்தாச்சி மகளுக்குக் கால் வீக்கம் கொஞ்சம் குறைவு. பிரஷரும் சரியாம்.

28.06

பொய் சொன்னது இரவு முழுக்க உறுத்தியது. காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது சொல்லிவிட்டேன். தம்பி கோபிக்கவில்லை, ஆனால் முகம் சுருங்கிவிட்டது. பிறகு சட்டைப் பையில் இருந்து ஒரு பில்லை எடுத்து, பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்த பெயர்களைக் காட்டினார். பிள்ளை பிறந்தால் கூட்டாளிமாருக்கு ஆளுக்கொரு சுருட்டுக் கொடுப்பது அவருடைய மனேஜரின் ஊர் வழக்கமாம். நாங்கள் கற்கண்டு கொடுக்கிற ஆக்கள். சரி, அவருடைய ஆசை.

ஏழு பெயர். ஏழாவது "மாமா" என்று இருந்தது.

இழுபடாத சுருட்டை ஏழு பேர் கையில் கொடுத்து, ஏழு பேரும் என்னைப் போல "நல்லம்" என்று பொய் சொன்னால்? இதை நான்தான் பார்க்கவேண்டும். இந்த வீட்டில் எனக்கு வேறு வேலையும் இல்லை. சமையலுக்கு மனைவி, கிளினிக்குக்குத் தம்பி. நான் கேட் திறக்கிற ஆள்.

30.06

நான் யாழ்ப்பாணச் சுருட்டுக்காரன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, அதுவும் வாவிக்கரையில் இருந்து. வீடு மகளின் பேரில் எழுதியாயிற்று, அதற்குள் புகைக்க எனக்கு உரிமை இல்லை என்று மனைவி அடிக்கடி ஞாபகப்படுத்துவாள். நுனியைப் பல்லால் கடித்துத் துப்பினால் போதும், புகையிலைக்கு ஊட்டுகிற கோடாப் பாணியின் வாசத்தோடு கள்ளமில்லாமல் இழுபடும். இது வேறு சாதி. ஐந்து அங்குலம் நீளம். தடிப்பு 50 என்று பெட்டியில் போட்டிருக்கிறது. ஒரு அங்குலத்தை 64 ஆகப் பிரித்தால் அதில் 50 பங்கு, என் பெருவிரல் அளவு. நுனியில் இலையாலேயே தொப்பி ஒட்டியிருக்கிறார்கள்.

இரண்டாவதை எடுத்தேன். பத்தவைக்க முதலே வெட்டி, வெறுமனே இழுத்துப் பார்க்கவேண்டும் என்று தம்பி யூடியூப்பில் பார்த்துச் சொன்னார். முதல் தரம் நான் தொப்பியைச் சுரண்டத்தான் செய்திருக்கிறேன். இந்த முறை இன்னும் ஒரு நூலளவு இறக்கி வெட்டினேன். தொப்பி முடிகிற கோட்டைத் தாண்டி வெட்டினால் மேலிலை கழன்றுவிடும், அது வரைக்கும்தான். இழுத்தேன். அதே கதை.

அதற்குப் பிறகு செய்தது மடத்தனம். சைக்கிள் கம்பியை அரத்தில் தேய்த்துக் கூராக்கி, நுனியால் விட்டேன். உள்ளே ஒரு இடத்தில் முட்டியது. முட்டினால் நிற்கவேண்டாமா? அமத்தினேன். மேலிலை நீளத்துக்கு வெடித்தது.

எட்டு.

03.07

ஸ்கேன். பிள்ளை இன்னும் கிறுகல்ல. தலை மேலே, இருப்பு கீழே.

"இன்னும் நாள் கிடக்கு" என்றாராம் டொக்டர். எவ்வளவு நாள் என்று தம்பி கேட்கவில்லை. நான் போயிருந்தால் கேட்டிருப்பேன். கேட்டிருப்பேனா தெரியாது.

04.07

கச்சான் காற்று. முற்றத்துத் தென்னோலை இரவெல்லாம் அடித்தது.

06.07

சந்தையில் சுருட்டு விற்கிற அப்பு ஒருவர் இருக்கிறார். வாலிப வயதில் யாழ்ப்பாணத்தில் கொட்டிலில் இருந்து சுருட்டுச் சுற்றியவர், கல்யாணம் முடித்து இந்தப் பக்கம் வந்து தங்கிவிட்டார். எட்டில் ஒன்றைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு போனேன்.

மணந்து பார்க்கவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். காதுக்குப் பக்கத்தில் பிடித்து விரலால் உருட்டினார். பிறகு அடியில் இருந்து நுனி வரைக்கும் பெருவிரலால் அமத்திக்கொண்டே வந்தார். மோதிரக் கடதாசிக்கு இரண்டு விரல் கீழே நின்றார். "இஞ்ச பிடியும்." பிடித்தேன். மற்ற இடமெல்லாம் கொஞ்சம் கொடுக்கிறது. அந்த இடம் மட்டும் விறகு.

"உள்ளிலையை மடிச்சு மடிச்சு வைக்கவேணும். மடிப்புக்குள்ளாலதான் காத்துப் போகும். இது அவசரத்தில முறுக்கிப் போட்டான். கயிறு மாதிரிக் கிடக்கும், எங்கால காத்து?" என்றார். மறுகா, கையை விட்டு எடுக்காமலே, "ஈரமும் கூட. ஊறின இலை வீங்கும்" என்றார். கம்பியால் குத்தியதைச் சொன்னேன். என்னைப் பார்த்த பார்வையை எழுத ஏலாது. குத்தினால் இலை இன்னும் நெருங்குமாம், வழி வராதாம். வழி வேண்டுமென்றால் கொஞ்சம் இலையை வெளியே எடுக்கவேண்டும். ஆனால் அதெல்லாம் கடைசி. முதலில் ஈரம்.

"பொறுத்துப் பாரும். எல்லாம் தானா இளகும்."

காசு வாங்கவில்லை. நாலு கோடாச் சுருட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

08.07

தம்பி ஓடர் பண்ணிய ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீற்றர் நேற்று வந்தது. தீப்பெட்டி அளவு. பெட்டிக்குள் வைத்தேன், 81. இது உண்மையா என்று சந்தேகம். அதற்கும் ஒரு வழி இருக்கிறது: போத்தல் மூடியில் உப்புப் போட்டு, களியாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மீற்றரோடு சேர்த்து ஒரு பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டிவைக்கவேண்டும். உப்புக்களிக்கு மேலே உள்ள காற்று எப்போதும் 75க்கு வந்து நிற்கும். இரவு கட்டிவைத்து விடியப் பார்த்தால் 78. ஆக என் மீற்றர் மூன்று கூட்டிச் சொல்லுகிறது, பெட்டிக்குள் உண்மையில் 78. இப்படிப்பட்ட சுருட்டுக்கு 65 போதும். இறுக்கமானதை 62 வரைக்கும் இறக்கலாமாம்.

மனைவி உப்புப் போத்தலைத் தேடி, கண்டுபிடித்து, ஒன்றும் பேசாமல் போனாள். பேசியிருக்கலாம்.

10.07

போயா, பௌர்ணமி. பழைய கல்லடிப் பாலத்தில் நடந்தேன். நிலவு நல்ல நிலவு. மீன் பாடுகிறதைக் கேட்க இரண்டு பெடியன்கள் தோணியில் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறு முனையில் காதை வைத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டதா என்று நான் கேட்கவில்லை. திரும்பி வரும்போது மகள் வாசலில் கதிரை போட்டு இருந்தாள். வயிற்றின் வலப்பக்கம் கையை வைத்து, "தலை இஞ்சதான் கிடக்கு அப்பா, பிடிச்சுப் பாருங்க" என்றாள். கை வைத்தேன். உருண்டையாக, இறுக்கமாக.

நித்திரை வரவில்லை.

12.07

பிடிபட்டேன்.

கச்சான் காற்றில் வெளியே வைத்தால் ஒரே பகலில் மேலிலை வெடித்துவிடும். பகல் 55க்கு இறங்குகிறது, இரவு 80க்கு ஏறுகிறது. மெல்லக் காய ஒரு இடம் வேண்டும். அலுமாரிதான் சரி. பகலில் பெட்டியின் மூடியைத் திறந்து அலுமாரியைச் சாத்துவது, பொழுதுபட்டால் மூடிவிடுவது. நாலு நாள் ஒழுங்காக நடந்தது. 78, 75, 73, 71. ஆனால் அதே அலுமாரியின் மேல்தட்டில் பழைய நூல் சீலைகளைக் கிழித்து, அவித்து, மடித்துப் பிள்ளைத் துணி வைத்திருக்கிறாள் மனைவி.

"பிறக்கப்போற பிள்ளைக்குப் புகையிலை மணமா? உங்களுக்கு என்னகா பிடிச்சிருக்கு?"

துணி முழுவதையும் திரும்ப அவித்தாள். எனக்கு இரவு பாணும் சம்பலும். பெட்டி இப்போது கராஜில், தம்பியின் பயணப் பெட்டிக்குள்.

14.07

டொக்டர் இன்று பிள்ளையைக் கையால் கிறுக்கிப் பார்த்தாராம். வயிற்றுக்கு மேலே இரண்டு கையையும் வைத்து மெல்ல மெல்லத் தள்ளுவதாம். முதலும் பிறகும் பிள்ளையின் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டார்களாம். கொஞ்சம் அசைந்து, திரும்பப் பழைய இடத்துக்கே போய்விட்டது. இரண்டாவது தரமும் அப்படியே. அதற்கு மேல் அவர் அமத்தவில்லை.

தம்பி இதைச் சொன்னபோது என் கையில் சுருட்டு இருந்தது. இரண்டு விரலுக்கு நடுவில் அந்த விறகு இடத்தை உருட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கீழே வைத்தேன்.

15.07

66.

17.07

மாமாங்கக் கோயிலில் கொடி ஏறிவிட்டது. கச்சான் கடைகள் வந்திருக்குமே என்று மகள் கேட்டாள். வாங்கிவந்தேன், மணல் சூடு ஆறாமல். காற்றுக்கும் கச்சான், கடலைக்கும் கச்சான். இதை எந்தப் பரதேசிக்கும் விளங்கப்படுத்த ஏலாது.

பின்னேரம் மூன்றாவதை எடுத்தேன். மீற்றரில் 65, என் கணக்கில் 62. அமத்தினேன், இப்போது கொடுத்தது. முடிச்சு மட்டும் கொஞ்சம் மிச்சம். மகளின் குரோஷே ஊசியைக் கேட்டு வாங்கினேன், எதற்கென்று சொல்லவில்லை. வெட்டிய வாயால் விட்டு, அமத்தாமல், தானாகப் போகிற அளவுக்குச் சுழற்றி, கொக்கியால் ஒரு இழை. பிறகு இன்னொன்று. மூன்றாவதாக வந்தது ஒரு காம்புத் துண்டு, கோழியின் சின்ன எலும்பு மாதிரி. இவ்வளவு நாளும் எல்லோரையும் ஆட்டிவைத்தது இதுதான்.

வெறுமனே இழுத்தேன். காற்று வந்தது!

வாவிக்கரையில் பத்தவைத்தேன். நிமிசத்துக்கு ஒரு இழுப்பு, கூட வேண்டாம். சாம்பல் ஒரு அங்குலத்துக்கு நின்றது. கோடா இல்லாத புகை எனக்குச் சப்பென்றுதான் இருக்கிறது. ஆனால் வாய் நிறைய வந்தது. தம்பிக்குக் கொடுத்தேன், ஒரு இழுப்பு இழுத்து இருமினார். அவர் புகைக்கிறவர் இல்லை என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

ஏழு. பட்டியலிலும் ஏழு. இனி ஒன்றைக்கூட வீணாக்க ஏலாது.

19.07

திகதி கொடுத்துவிட்டார்கள். 25ஆம் திகதி பிள்ளையை வெட்டி எடுப்பது. முதல் நாள் ஆடி அமாவாசை. "ஒருநாள் தள்ளித்தானே" என்று தம்பி. மனைவி பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு பதில் சொல்லவில்லை.

20.07

குரோஷே ஊசியை மகள் மணந்து பார்த்துவிட்டாள்.

22.07

நாலை முடித்தாயிற்று. எல்லாவற்றிலும் காம்பு இல்லை. இரண்டு, காய்ந்ததோடே சரியாகிவிட்டது. அப்பு சொன்னதுதான். மூன்று மிச்சம், அதில் ஒன்று இன்னும் மோசம். அதில் என் பெயரை எழுதலாம்.

பை கட்டியாயிற்று. துணி, சவர்க்காரம், சுடுதண்ணிப் போத்தல், கிளினிக் கார்ட். கார்ட் இருக்கிறதா என்று மூன்று தரம் திறந்து பார்த்தேன்.

23.07

காற்று நின்றுவிட்டது. புழுக்கம். மீற்றர் ஏறுகிறது. ஐந்தாவதும் ஆறாவதும் சரி. மற்றதை நாளைக்குப் பார்ப்போம், மாமாங்கத்தில் தீர்த்தம் ஆடிவிட்டு வந்து.

24.07, விடிய 3.40

தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டது. பிள்ளை கிறுகினதா இல்லையா, யாருக்குத் தெரியும். ஓட்டோ கேட்டில் நிற்கிறது, தம்பிக்குச் செருப்பு அம்பிடுதில்லை, மனைவி பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிடுகி