பெருங்குளத்துப் புத்தகக் கூடுகள்

தென்காசியில் கொல்லம் வண்டி ஏறுகிறவர்கள் மலைப்பாதைக்காகவே ஜன்னலோரம் இடம் பிடிப்பார்கள். நானும் பிடித்தேன். ஆரியங்காவு குகை, கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலம், தென்மலைக் காடு, எல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் நான் கிளம்பியது கொட்டாரக்கரை பக்கத்தில் இருக்கும் பெருங்குளத்துக்காக. கேரளத்தின் முதல் புத்தக கிராமம் என்று 2021-ல் அறிவிக்கப்பட்ட ஊர் அது.

கொட்டாரக்கரையில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே வளைந்து போகும் சாலையில், டீக்கடைக்கு எதிரே முதல் கூடு தெரிந்தது. கம்பத்தின் மேல் ஓட்டு வீடு போலச் சரிந்த கூரையுடன் ஒரு பெட்டி. கண்ணாடிக் கதவு, சின்னக் கொக்கி, பூட்டு கிடையாது. உள்ளே முப்பது, நாற்பது புத்தகம் இருக்கும். நாவல்கள், பாலர் கதைகள், ஓரம் மடங்கிய வார இதழ்கள். மழை ஈரத்தில் சில அட்டைகள் உப்பியிருந்தன. பலர் கைபட்டு முதுகு வெளுத்தவைதான் அதிகம். அதைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

உறுப்பினர் அட்டை வேண்டாம், பதிவேட்டில் கையெழுத்து வேண்டாம். எடுக்கலாம், படித்துவிட்டுக் கொண்டுவந்து வைக்கலாம்.

“சேட்டா, யாராவது மொத்தமாக அள்ளிக்கொண்டு போனால்?” என்று டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

“வாயனசாலையிலிருந்து வந்து திரும்ப அடுக்குவார்கள்” என்றார். நூலகத்துக்கு அங்கே அதுதான் பெயர்.

விஷயமே அதில்தான் இருக்கிறது. சாலையோரம் பெட்டி வைப்பது பெரிய காரியமில்லை. காலியாகும்போது நிரப்ப ஆள் வேண்டும், புத்தகம் வேண்டும். பெருங்குளத்தில் அந்த வேலையைச் செய்வது பாபுஜி ஸ்மாரக வாயனசாலை. காந்தி கொல்லப்பட்ட 1948-ல், அவர் நினைவாக ஊர்க்காரர்கள் நூறு புத்தகங்களோடு தொடங்கிய நூலகம். அதற்கு மூன்று வருடம் முன்பே கேரள நூலக இயக்கத்தின் முன்னோடியான பி.என்.பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டிச் சங்கம் தொடங்கியிருந்தார். அப்படி வேர் பிடித்த மண்ணில்தான் இந்தக் கூடுகள் நிற்கின்றன.

நமக்கும் வேர் இல்லாமல் இல்லை. 1931-லேயே மன்னார்குடி பக்கம் மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் புத்தகம் ஊர் ஊராகப் போனது. கனகசபைப் பிள்ளை ஏற்பாடு செய்ய, இந்திய நூலகவியலின் தந்தை என்று சொல்லப்படும் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் தொடங்கி வைத்தார். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டமும் சென்னை மாகாணத்தில்தான் வந்தது, அதே 1948-ல். இன்றும் வீட்டு வரியோடு நூலக வரி கட்டுகிறோம். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில், நூறுநாள் வேலைக்குப் போன பெண்கள் திரும்பி வருவதற்குள் நூலகக் கதவு சாத்திவிடுகிறது. உள்ளே நல்ல புத்தகங்கள் இருக்கின்றன. அவர்கள் கைக்குத்தான் வருவதில்லை. அந்தப் பெண்கள் தினமும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடத்தில் ஒரு கூடு இருந்தால் போதும்.

சரி, செய்து பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். அந்த ஊர் நூலகரிடம் பேசியாயிற்று. வாசகர் வட்டத்துக்கு வந்த நன்கொடைப் புத்தகங்களில் இரட்டைப் பிரதிகளைத் தருகிறேன் என்றார். பெட்டிக்கு ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை போட்டாக வேண்டும்.