ஆர்.ஈ. பாடத்தை ஒதுக்கி வைக்காதீர்கள்

இங்கிலாந்தில் பிள்ளைகளைப் படிக்க வைக்கிற தமிழ்ப் பெற்றோரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று கனநாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளையின் ஆர்.ஈ. பாடத்தை, அதாவது பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற சமயக் கல்வியை (Religious Education), கொஞ்சம் கவனியுங்கள். பேரண்ட்ஸ் ஈவினிங்கில் கணக்கு, விஞ்ஞானம், ஆங்கிலம் என்று மூன்று மேசைக்கும் வரிசையில் நின்றுவிட்டு நேரே வீட்டுக்குப் போய்விடுகிறோம், சமயம் படிப்பிக்கிறவரிடம் ஒரு வார்த்தை பேசுகிற பழக்கம் எங்களிடம் இல்லை. கேட்டால், "அதில் என்ன இருக்கிறது, கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம், தேவாரமும் பாடுவான், காணும்தானே" என்கிறார்கள்.

காணாது. ஏனென்றால் இங்கே ஆர்.ஈ. என்பது நாங்கள் ஊரில் படித்த சமய பாடம் இல்லை. இலங்கையில் ஓ.எல். பரீட்சை வரைக்கும் சமயம் கட்டாயம்தான், ஆனால் அவரவர் சமயம் அவரவருக்கு. சைவப் பிள்ளை சைவநெறி படிக்கும், கத்தோலிக்கப் பிள்ளை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வகுப்புக்குப் போகும், முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம், சிங்களப் பாடசாலையில் பௌத்தம். நால்வர், நாயன்மார் கதை, திருமுறை எல்லாம் எனக்கு அந்த வகுப்பில்தான் கிடைத்தது, அதை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கூடவே படித்த கத்தோலிக்கக் கூட்டாளி தவக்காலத்தில் ஏன் இறைச்சியை விடுகிறான் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவனுக்கும் எங்கள் கந்தசஷ்டி விரதத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. இங்கே ஒரே வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் இருந்து எல்லாச் சமயங்களையும், சமயமே வேண்டாம் என்கிறவர்களின் நிலைப்பாட்டையும் சேர்த்துப் படிக்கிறார்கள். யாரையும் எந்தச் சமயத்துக்கும் இழுப்பது அதன் வேலை இல்லை. இப்படி ஒரு பாடம் ஒரு நாட்டின் சட்டத்திலேயே இருக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

சட்டத்தில் இருக்கிறது, சரி. பள்ளிக்கூடத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் கவலை. 1944 கல்விச் சட்டம் சமய பாடத்தைக் கட்டாயமாக்கியபோது அது நடைமுறையில் கிறிஸ்தவம் மட்டும்தான். 1975இல் பர்மிங்ஹாம் நகரம் பல சமயங்களையும் சேர்த்து ஒரு பாடத்திட்டம் கொண்டுவந்தது, அதில் கடவுள் இல்லாமலே மனிதனை மையமாக வைக்கிற மனிதநேயவாதமும் கம்யூனிசமும்கூட இருந்ததால் பெரிய சண்டையே நடந்தது. 1988 சட்டம்தான் நாடு முழுவதற்குமாக, கிறிஸ்தவத்துக்கு முதல் இடம், ஆனால் இங்கே வாழ்கிற மற்ற முக்கிய சமயங்களின் போதனைகளையும் வழக்கங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. ஆனால் அதே சட்டம் இந்தப் பாடத்தைத் தேசியப் பாடத்திட்டத்துக்கு வெளியே விட்டது. கட்டாயம், ஆனால் என்ன படிப்பிப்பது என்பதை அந்தந்தப் பகுதியின் உள்ளூராட்சிக் கவுன்சில் முடிவு செய்யும். திருச்சபைப் பள்ளிகளில் பலவற்றுக்கு வேறு ஏற்பாடு, கவுன்சிலின் கீழ் வராத அரசுப் பள்ளிகளான அகாடமிகளுக்கு இன்னொன்று. 2010இல் ஈபாக் என்று பள்ளிகளை அளக்கிற ஒரு முறை வந்தது, வரலாறும் புவியியலும் அதற்குள் இருந்தன, ஆர்.ஈ. இல்லை. அளக்கப்படாத பாடத்துக்கு நேரத்தையும் ஆளையும் கொடுக்க எந்தத் தலைமை ஆசிரியருக்கு மனம் வரும்? வேறு பாடத்துக்குப் பயிற்சி பெற்றவர், நேரசூசியில் இடைவெளி இருப்பதால் ஆர்.ஈ.யும் எடுக்கிறார். 2024 ஏப்ரலில், பள்ளிகளைப் பரிசோதிக்கிற ஓஃப்ஸ்டெட் அமைப்பு வெளியிட்ட அறிக்கையும் பல பள்ளிகளில் பாடம் ஆழமில்லாமல் போவதைத்தான் சொன்னது.

ஆழமில்லை என்றால் என்ன என்று எங்கள் சமயத்தை வைத்தே பார்க்கலாம். இந்து சமயம் என்றால் பாடப்புத்தகத்தில் மும்மூர்த்திகள் வருவார்கள்: பிரம்மா படைக்கிறார், விஷ்ணு காக்கிறார், சிவன் அழிக்கிறார். அதோடு முடிந்தது. சைவ வீட்டுப் பிள்ளை இதைக் கேட்டுவிட்டு வந்து "எங்கட சாமி அழிக்கிற சாமியா?" என்று கேட்கும். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்று ஐந்தொழிலும் சிவனுக்கே சொல்லுகிற சைவ சித்தாந்தம் அந்தப் புத்தகத்தில் இல்லை. தீபாவளி என்றால் ராமர் அயோத்திக்குத் திரும்பி வந்த நாள் மட்டும்தான், நரகாசுரன் இல்லை. முருகன் பல புத்தகங்களில் பேருக்குக்கூட இல்லை, லண்டனில் ஹைகேட்டிலும் ஈஸ்ட் ஹாமிலும் அவனுக்குக் கோயில் இருந்தும்.

இதற்கு ஆசிரியரில் கோபப்பட்டு ஒரு பயனும் இல்லை. நல்ல ஆசிரியர் இதை எப்படிக் கையாளுவார் என்று நான் கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் உறவுக்காரப் பிள்ளை ஒன்று தீபாவளிப் பாடத்தில் கையை உயர்த்தி, எங்கள் வீட்டில் இந்தக் கதை இல்லை, வேறு கதை என்று சொல்லியிருக்கிறாள். அந்த ஆசிரியை "அப்படியா, நீ சொல்லு" என்று நரகாசுரன் கதையை வகுப்புக்குச் சொல்ல வைத்து, வெண்பலகையில் "இந்துக்கள் நம்புகிறார்கள்" என்று தான் எழுதியிருந்ததை அழித்துவிட்டு "சில இந்துக்கள்" என்று மாற்றி எழுதினாராம். அப்புறம் வகுப்பைப் பார்த்து, ஒரே பண்டிகைக்கு இரண்டு கதை இருக்கலாமா, உங்கள் வீட்டில் கிறிஸ்மஸை எல்லாரும் ஒரே மாதிரியா கொண்டாடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். அந்தப் பாடத்தில் வகுப்பு முழுவதும் பேசியது. ஒரு சமயத்துக்குள்ளேயே எத்தனை விதமாக ஆட்கள் வாழ்கிறார்கள் என்று பிள்ளைக்குக் காட்டுவதுதான் இந்தப் பாடத்தின் உயிர். 2018இல் இங்கே சமயக் கல்விக்கான ஆணையம் கொடுத்த அறிக்கையும் ஏறக்குறைய இந்தப் பக்கம்தான் போகச் சொன்னது. ஆனால் அதற்கு ஆசிரியருக்குப் படிப்பு வேண்டும், நேரம் வேண்டும், அவர் தயங்காமல் கேட்பதற்கு எங்களைப் போல ஆட்களும் வேண்டும்.

பள்ளிக்கூடங்கள் கோயிலுக்குப் பிள்ளைகளைக் கூட்டி வருவதையும் கவனித்திருக்கிறேன். ஆயத்தம் இல்லாமல் வருகிற வகுப்பு சப்பாத்தைக் கழற்றும், வரிசையாக ஒரு சுற்றுச் சுற்றும், படம் எடுக்கும், போகும். ஆயத்தத்தோடு வருகிற வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் தானே எழுதிய கேள்வி இருக்கும். சாமிக்கு ஊற்றுகிற பாலை யாராவது பிறகு குடிப்பார்களா? அந்த ஐயர் என்ன மொழியில் பேசுகிறார், வந்திருக்கிறவர்களுக்கு அது விளங்குமா? மயில் எதற்கு? இவை நல்ல கேள்விகள், பெரியவர்களே கேட்கத் தயங்குகிற கேள்விகள். பதில் சொல்ல நிற்கிறவர் "அது ஐதீகம்" என்று தட்டிக் கழித்தால் ஆசிரியர் வாரக்கணக்காகச் செய்த வேலை அந்த இடத்திலேயே வீணாகிவிடும். கோயில் நிர்வாகத்தினருக்கு என் வேண்டுகோள் இதுதான்: வார நாட்களில் காலையில், பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் பொறுமையாகப் பேசக்கூடிய ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள். இங்கே பிறந்து வளர்ந்த பல்கலைக்கழகப் பிள்ளைகளே போதும்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையை ஆர்.ஈ. வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை இருக்கிறது, காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை. "என் பிள்ளை எதற்கு இஸ்லாம் படிக்க வேண்டும்" என்று எங்களிலும் சிலர் இந்த உரிமையைக் கையில் எடுக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பக்கத்து மேசைப் பிள்ளை நோன்பு பிடிக்கிறபோது அது என்ன என்று தெரியாமல் வளர்கிற பிள்ளைக்குத்தான் நட்டம். இன்னொரு வீட்டில் இதே கேள்வியை இந்து சமயத்தைப் பற்றிக் கேட்டால் எங்களுக்கு எப்படி இருக்கும்?

ஒவ்வொரு கவுன்சிலிலும் சமயக் கல்விக்குச் சாக்ரே (SACRE) என்று ஒரு ஆலோசனைக் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். இங்கிலாந்து திருச்சபை, மற்றக் கிறிஸ்தவப் பிரிவுகளும் ஏனைய சமயங்களும், ஆசிரியர் சங்கங்கள், கவுன்சில் என்று நான்கு பகுதியாக அதில் ஆட்கள் இருப்பார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை உள்ளூர்ப் பாடத்திட்டத்தைத் திரும்பப் பார்ப்பதும் இதே மாதிரி நான்கு பகுதியாக அமைகிற ஒரு குழுதான். சாக்ரே கூட்டங்களைப் பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம். உங்கள் கவுன்சிலில் இந்துக்களுக்கான இடத்தில் யார் இருக்கிறார், யாராவது இருக்கிறாரா என்று ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். சைவத்தைப் பற்றி ஒரு பக்கமாவது சேருங்கள் என்று கேட்கிற இடம் அதுதான்.

இப்போது கேட்பதற்கு அவசரமும் இருக்கிறது. 2025 நவம்பரில் வந்த பாடத்திட்ட மீளாய்வு அறிக்கை, ஆர்.ஈ.யைத் தேசியப் பாடத்திட்டத்துக்குள் படிப்படியாகக் கொண்டுவரப் பரிந்துரை செய்திருக்கிறது. அப்படி நடந்தால் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறுகிற நிலை போய், நாடு முழுவதற்கும் ஒரே அடிப்படை வரும், அதை எழுதுகிற மேசையில் பல சமயத்தவரும் இருப்பார்கள். எங்கள் கோயில்களும் தமிழ்ப் பள்ளிகளும் இதைப் பற்றி இப்போதே கூடிப் பேச வேண்டும். உங்கள் பகுதியில் ஏற்கெனவே யாராவது இதில் இறங்கியிருந்தால் கீழே எழுதுங்கள், ஒருவரையொருவர் தொடர்புபடுத்தி விடுகிறேன்.