பாக்குவெட்டியை அளக்கக் கண்டிக்குப் போன கதை

வடிவமைப்புப் படிக்கிற யாராவது மலையகப் பக்கம் நூதனசாலை பார்க்கக் கிளம்பினால் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பார்க்க டிக்கட் போதும். படம் எடுக்க வேறு அனுமதி கேட்பார்கள். ஓரமாக நின்று வரைவதற்கு அன்றைக்கு வாசலில் இருப்பவரின் மனசு வேண்டும். அளவு நாடாவை வெளியே எடுக்க வேண்டுமென்றால் கொழும்பிலிருந்து கடிதம் வர வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒப்படை கொடுத்த விரிவுரையாளருக்கே தெரிந்திருக்கவில்லை.

ஒப்படை இதுதான்: கையால் பிடித்துப் பயன்படுத்துகிற பழைய பொருட்கள் சிலவற்றைத் தெரிவு செய்து, முன்தோற்றம், பக்கத்தோற்றம், வெட்டுமுகம் என்று மில்லிமீற்றர் கணக்கில் வரைய வேண்டும். நெட்டில் எடுத்த படம் செல்லாது, பொருளுக்கு முன்னால் நின்று வரைந்திருக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் கொழும்பிலேயே முடித்துக்கொண்டார்கள். லீவுக்கு நான் தலவாக்கலைப் பக்கம் வீட்டுக்கு வந்திருந்ததால் கண்டியைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வேண்டியவை பாக்குவெட்டி, கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி, அப்புறம் ஏதாவது ஒரு நல்ல மரப் பொருத்து.

கண்டியில் தலதா மாளிகையைச் சுற்றி நடக்கிற தூரத்திலேயே இரண்டு அரசாங்க நூதனசாலைகள் இருக்கின்றன. ஒன்று அரசிகள் இருந்த ‘பல்லே வாசல’ என்ற மாளிகையில் உள்ள தேசிய நூதனசாலை. மற்றது அரச மாளிகைக் கட்டடத்தில் உள்ள தொல்பொருள் நூதனசாலை. பார்க்கிறவருக்கு ஒரே வளவு மாதிரித் தெரியும். ஆனால் முதலாவது தேசிய நூதனசாலைகள் திணைக்களத்துக்குக் கீழே, மற்றது தொல்பொருள் திணைக்களத்துக்குக் கீழே வருகிறது. ஒன்றுக்கு எழுதிய கடிதத்தை மற்றதில் நீட்ட முடியாது. இதில் பகிடி என்னவென்றால், கொழும்பிலும் இந்த இரண்டு திணைக்களங்களும் சேர் மார்கஸ் பெர்னாண்டோ மாவத்தை என்ற ஒரே வீதியில்தான் இருக்கின்றன. ஆகவே துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கும்போதே தனித்தனியாக இரண்டு கடிதம் வாங்கிவிடுங்கள்.

இனி நான் சொல்லப்போகிற கந்தோர் எது என்று எழுதமாட்டேன். அங்கே எனக்கு உதவி செய்த ஒரு மனிதரும் இருக்கிறார், அவருக்குக் கரைச்சல் வரக்கூடாது.

கடிதத்தை வாங்கிப் பார்த்த மிஸ்ஸுக்கு முதல் வரியே பிடிக்கவில்லை. ‘பொறுப்பதிகாரிக்கு’ என்று இருந்தது. பணிப்பாளர் நாயகத்துக்கு என்று இருக்க வேண்டுமாம். அடுத்தது, கடிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது, சிங்களத்தில் ஒரு பிரதி வேண்டும். தமிழில் தரட்டுமா என்று கேட்டேன். சட்டப்படி தமிழும் அரச கரும மொழிதான். அவர் பதில் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தார். நானும் அதை விட்டுவிட்டேன், காரியம் ஆக வேண்டுமே. மூன்றாவதுதான் பெரிய முடிச்சு.

“எந்தப் பொருள், என்ன இலக்கம் என்று கடிதத்தில் இல்லையே நங்கி (தங்கச்சி).”

“பார்த்தால்தானே மிஸ் எது என்று எழுதலாம்?”

“அப்போ பார்த்துவிட்டு எழுதுங்க.”

டிக்கட் எடுத்து உள்ளே போனேன். பாக்குவெட்டிகளைக் கண்டதும் கொஞ்ச நேரம் கோபமெல்லாம் மறந்து போனது. கீல் இருக்கிற முனையில் மிருக முகமும் பறவைத் தலையுமாகச் செய்திருக்கிறார்கள். எங்கள் அம்மாயி வைத்திருந்தது வெறும் இரும்பு. ஆனால் பொறிமுறை ஒன்றேதான். கீல் ஒரு முனையில், கை மறு முனையில், பாக்கு நடுவில். நெம்புகோல் பாடத்தில் இரண்டாம் வகை என்று படித்தோமே, அது. கைப்பிடி நீண்டால் வெட்டுவது லேசாகும், ஆனால் வெற்றிலைப் பெட்டிக்குள் அடங்காது. அந்த இரண்டுக்கும் நடுவில் கொல்லர் எந்த இடத்தில் நின்றார் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு நீளம் வேண்டியிருந்தது.

லேபலில் பெயர் இருந்தது, இலக்கம் இல்லை. திரும்பவும் கந்தோருக்குப் போனேன்.

“இலக்கம் எங்கே இருக்கும் மிஸ்?”

“பதிவேட்டில்.”

“பதிவேட்டைப் பார்க்கலாமா?”

“அதற்கு அனுமதி எடுக்க வேண்டும்.”

இதற்கு மேல் என்ன பேசுவது? ஹட்டன் பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

கெம்பஸுக்குக் கோல் எடுத்து, முகவரியை மாற்றிய கடிதத்தை மின்னஞ்சலில் வரவழைத்தேன். டவுனில் கொமியுனிகேஷன் கடைக்கார அண்ணா அதைச் சிங்களத்தில் தட்டச்சு செய்து தந்தார். ‘கவனமாக அளவிடுவேன், சேதம் வந்தால் பொறுப்பேற்பேன்’ என்று அவராகவே ஒரு வரியையும் சேர்த்திருந்தார். அந்த வரி நல்ல வேலை செய்தது, நீங்களும் போடுங்கள். ஆனால் அந்தக் கடிதத்துடன் போன அன்று மிஸ் லீவு. அவருடைய மேசையில் இருந்தவர் கடிதத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். “இது பிரின்ட் எடுத்த கையெழுத்து. மூலப்பிரதி கொண்டு வாங்க” என்றார். மூலப்பிரதி பதிவுத் தபாலில் கொழும்புக்குப் போய்விட்டது என்றேன். “அப்போ பதில் வந்த பிறகு வாங்க” என்றார்.

அழுகை வராத குறையாக வெளி வாங்கில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தப் பெரியவர் வந்தார். தலை நரைத்த அதிகாரி. கையில் இருந்த வரைதல் கொப்பியைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்: “சேர், நான் ஒன்றையும் தொடமாட்டேன். கண்ணாடியையும் திறக்க வேண்டாம். அதன் நீளம் எவ்வளவு என்று தெரிந்தால் மட்டும் போதும்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். உள்ளே போய்ப் பதிவேட்டைத் திறந்து, விரலால் வரிசையைத் தடவிக்கொண்டே நீளம், அகலம் எல்லாவற்றையும் வாசித்தார். நான் எழுதிக்கொண்டேன். “அளப்பதற்குத்தான் துவே (மகளே) அனுமதி வேண்டும். இது நாங்கள் ஏற்கனவே அளந்தது” என்றார்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். நூதனசாலைக்கு ஒரு பொருள் வந்து சேரும்போது அதைப் பதிவேட்டில் எழுதுவார்கள். இலக்கம், எங்கிருந்து வந்தது, என்ன உலோகம், என்ன அளவு எல்லாம் அதில் இருக்கும். ஆகவே ‘அளக்கலாமா’ என்று கேட்காதீர்கள். ‘உங்கள் பதிவில் உள்ள அளவைச் சொல்ல முடியுமா’ என்று கேளுங்கள். முதலாவது கேள்விக்குக் கையெழுத்துத் தேவைப்படுகிறது, இரண்டாவதற்கு நல்ல மனசு இருந்தால் போதும்.

பதிவேட்டில் இல்லாத சின்ன அளவுகளுக்கு, அதாவது கைப்பிடியின் தடிப்பு, கீலின் விட்டம் போன்றவற்றுக்கு லேபலைப் பிடித்துக்கொண்டேன். பயன்படுத்தாத லேபல் ஒன்று அந்த மேசையில் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கி அளந்துகொண்டால் கண்ணாடிக்குள் இருக்கிற லேபலே அளவுகோலாகிவிடும். பொருளும் லேபலும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும், நீங்களும் நேர் எதிரே நிற்க வேண்டும். பொருளைத் தாங்கி மேல் தூக்கி வைத்திருந்தால் இந்தக் கணக்குப் பிழைத்துவிடும். பென்சில் மட்டும் கொண்டு போங்கள். மைப் பேனையையும் வர்ணப் பெட்டியையும் கண்டால் காவலாளிக்குக் கை கால் ஓடாது. படம் எடுக்க அனுமதி கிடைத்தாலும் ஃபிளாஷைப் போடாதீர்கள்.

இன்னொரு இடத்தில் டிக்கட் கவுண்டரிலேயே தகராறு. நான் பேசிய தமிழைக் கேட்டுவிட்டு வெளிநாட்டவர் டிக்கட்டைக் கிழித்தார் அங்கிருந்தவர். “இந்தியா?” என்று வேறு கேட்டார். மலையகத் தமிழர் நாங்கள் நூற்றைம்பது வருசத்துக்கு மேலாக இங்கேயே இருக்கிறோம், மிச்சம் இருந்தவர்களுக்கும் 2003இல் சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தாயிற்று, கவுண்டருக்கு மட்டும் செய்தி போய்ச் சேரவில்லை போல. அடையாள அட்டையை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன். உள்ளூர் டிக்கட் வந்தது, மன்னிப்பு வரவில்லை. மாணவர் அட்டை இருக்கிறதே என்று தேசிய அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

ஹந்தானையில் உள்ள தேயிலை நூதனசாலையில் ஒரு சிக்கலும் இல்லை. 1925இல் கட்டிய இஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை அது, 2001இல் நூதனசாலையாகத் திறந்தார்கள். கேட்டதும் வரைய விட்டார்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும், அவ்வளவுதான். உருளை இயந்திரங்களில் வார்ப்பிரும்பிலேயே எழுத்துகளைப் புடைத்து வார்த்திருப்பதைப் பாருங்கள், எழுத்துரு படிக்கிறவர்களுக்கு அரை நாள் போதாது. லூல்கந்துரவில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லருக்கும் அங்கே தனி இடம் இருக்கிறது. இயந்திரம் செய்த கம்பனியின் பெயர் இரும்பில் நிற்கிறது, துரையின் பெயர் சுவரில் இருக்கிறது. கூடை முடைந்தவரின் பெயரை நான் எங்கேயும் காணவில்லை.

கூடைக்காகக் கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. தோட்டத் தொழிலாளர் நூதனசாலை அங்கேதான் இருக்கிறது, 2007இல் பழைய லயத்திலேயே, அதாவது தொழிலாளர் குடியிருந்த வரிசை வீட்டிலேயே அமைத்தது. போகும் வழிதான் பாடு. கம்பளையில் நான் கேட்ட ஓட்டோக்காரர்களில் ஒருவருக்கும் இடம் தெரியவில்லை. ஒருவர் தெரியும் என்று ஏற்றிக்கொண்டு போய் ஒரு தேயிலை விற்கிற கடை வாசலில் இறக்கிவிட்டார். நூதனசாலை என்றாலே வெள்ளைக்காரர் தேயிலை வாங்குகிற இடம் என்று நினைத்திருப்பார். முதலில் கோல் எடுத்து ஆள் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியே ஓட்டோக்காரரிடம் ஃபோனைக் கொடுத்து அவர்களையே வழி சொல்ல வையுங்கள்.

போய்ச் சேர்ந்தபின் பட்ட பாடெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. பிரட்டு (காலையில் வேலைக்கு ஆள் கூடுவது), கங்காணி (ஆட்களை மேற்பார்ப்பவர்), துண்டு (தோட்டம் மாறத் தேவைப்பட்ட சீட்டு) என்று வீட்டில் பேச்சோடு பேச்சாகக் கேட்டவற்றுக்கெல்லாம் அங்கே பொருளும் பத்திரமும் இருக்கின்றன. அளவு நாடாவைப் பையிலிருந்து பாதி எடுத்துவிட்டு, பழைய பயத்தில் அப்படியே நின்றேன். அங்கிருந்த அண்ணன் சிரித்தார். “அளந்துக்கங்க தங்கச்சி, ஒங்க சாமான் தானே” என்றார். கூடையின் வாய், அடி, கயிறு போடுகிற இடம் எல்லாம் அளந்தேன். பாரம் முதுகில் இறங்காமல் தலையிலேயே தொங்குகிறது என்பது கயிற்றின் இடத்தை வரைந்து பார்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது. சின்ன வயதிலிருந்து அம்மா இதைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போவதைப் பார்த்தவள் நான். லயத்துக் காம்பிராவையும், அதாவது அறையையும் அளந்தேன். 10க்கு 12 அடி என்று எல்லாரும் எழுதுகிறார்களே, கிட்டத்தட்ட அதுதான் வந்தது.

மரப் பொருத்துக்கு எம்பெக்க தேவாலயம். கண்டியிலிருந்து பஸ் இருக்கிறது. தூண் சிற்பங்களைத்தான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள், நீங்கள் தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள். 26 கைமரங்கள் ஒரே இடத்தில் வந்து சேர, அவற்றை ஒரு பெரிய மர ஆப்பு பிடித்து வைத்திருக்கிறது. ‘மடோல் குருப்பாவ’ என்கிறார்கள். அளக்கவும் முடியாது, எட்டவும் முடியாது, கழுத்து வலிக்க வலிக்க வரைந்ததுதான். பக்கத்திலேயே கடலாதெனிய, லங்காதிலக என்ற பழைய விகாரைகளும் இருக்கின்றன. கடலாதெனியவைக் கட்டிய சிற்பி கணேஸ்வராச்சாரி என்று கல்வெட்டே சொல்கிறது. லங்காதிலகவில் பாறையில் தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது, கேட்டால் காட்டுவார்கள்.

டிரினிட்டி கல்லூரிச் சிற்றாலயத்தில் டேவிட் பெயின்டரின் சுவரோவியங்களைப் பார்க்க ஆசைப்பட்டேன், நேரம் கிடைக்கவில்லை. அது நடக்கிற பள்ளிக்கூடம், போகிறவர்கள் முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளையும், பெரஹரா ஊர்வலம் நடக்கிற வாரங்களில் கண்டி டவுனையும் தவிர்த்துவிடுங்கள்.

கொழும்புக்குப் பதிவுத் தபாலில் போன மூலக் கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. ஒப்படையைக் கொடுத்துப் புள்ளியும் வந்துவிட்டது. பாக்குவெட்டி வரைபடத்தில் அளவுகள் எல்லாம் முழு எண்ணாக இருக்கின்றனவே, நீயே அளந்தாயா என்று விரிவுரையாளர் சிவப்புப் பேனையால் எழுதியிருக்கிறார்.