பெலும், பாக்

ஜகார்த்தாவில் வேலைக்குச் சேர்ந்த ஏழாவது மாதம், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தோனேசியாவை அறிமுகம் செய்து வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பம்பும் வால்வும் விற்கிற கம்பெனி. ஜெர்மனி, ஜப்பான், கொரியா, நம் ஊர் என்று மாதம் இரண்டு மூன்று பேராவது வந்து இறங்குவார்கள். முதல் நாள் காலை ஒன்றரை மணி நேரம் அவர்கள் என் பொறுப்பு. இந்த ஊர்க்காரர் யாராவது செய்யலாமே என்று மேலாளரிடம் கேட்டேன். "எங்களுக்கு இங்கே எது விசித்திரம் என்றே தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். மறுத்துப் பேச ஒன்றும் தோன்றவில்லை.

முதல் தடவை 42 ஸ்லைடு போட்டேன். 17,000-க்கும் மேற்பட்ட தீவுகள், 27 கோடிக்கும் மேல் ஜனங்கள், 700-க்கும் அதிகமான மொழிகள், நூற்றுக்கு மேல் எரிமலைகள். பத்தாவது ஸ்லைடிலேயே வந்தவர்கள் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். தப்பு அவர்கள்மேல் இல்லை. பதினேழாயிரம் தீவு என்றால் என்ன செய்வது? எழுதி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அப்புறம் எண்களைத் தூக்கிப் போட்டுவிட்டு வரைபடத்தைப் பிடித்துக்கொண்டேன். ஐரோப்பியர் வந்தால் அவர்கள் வரைபடத்தின் மேலேயே இந்தோனேசியாவை எடுத்து வைப்பேன். மேற்குக் கோடி ஊரான சபாங்கை அயர்லாந்தில் வைத்தால் கிழக்குக் கோடி ஊரான மெராவ்கே காஸ்பியன் கடலையும் தாண்டிப் போய் விழும். நம் ஊர்க்காரர்களுக்கு வேறு கணக்கு. சென்னையிலிருந்து ஜகார்த்தாவுக்கு ஏறக்குறைய 3,600 கி.மீ. பறந்து வந்திருப்பார்கள். இந்த நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 5,000-க்கும் மேல். "அப்ப இன்னும் வந்தே சேரலையா?" என்றார் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர். அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை நான் சொந்தமாக்கிக்கொண்டேன்.

இன்னொன்று ஜாவா. பரப்பளவில் கிட்டத்தட்ட தமிழ்நாடுதான், சுமார் 1,30,000 சதுர கி.மீ. ஆனால் அதற்குள் 15 கோடிப் பேர். நாட்டின் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் அந்த ஒரு தீவில். இதைச் சொன்னால் ஜகார்த்தாவின் டிராபிக்கைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தமிழர்கள் என்றால் போனஸாகக் கொஞ்சம் சொற்கள். கப்பலுக்கு இங்கே 'கபால்', கடைக்கு 'கெடாய்', குளத்துக்கு 'கோலாம்', தொழிலுக்குப் போடும் முதல் 'மோடால்'. வடசுமத்ராவில் பாருஸ் பக்கம் 1088-ஆம் வருடத்துத் தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது, வணிகக் குழு ஒன்று வைத்தது. ராஜேந்திர சோழன் கப்பல் அனுப்பி அடித்தது எல்லோருக்கும் தெரியும். பேரம் பேசி வியாபாரம் செய்தவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கென்னவோ அவர்கள்தான் நெருக்கம்.

இவ்வளவு பேசியவன் சறுக்கியதையும் சொல்ல வேண்டும். 'மக்களில் சுமார் 87 சதவீதம் முஸ்லிம்கள்' என்று வட்டப்படம் போட்டுக் காட்டிய அதே வாரம், ஜெர்மானியர் ஒருவரை வெள்ளிக்கிழமை பகல் 12 மணிக்குத் தொழிற்சாலை பார்க்க அழைத்துப் போனேன். போர்மேனும் இல்லை, ஆபரேட்டர்களும் இல்லை. எல்லோரும் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார்கள். காவலாளி எங்களை உட்கார வைத்து, சர்க்கரை தூக்கலாக டீ கொடுத்தார். சதவீதம் ஸ்லைடில் இருந்தது, என் டைம்டேபிளில் இல்லை.

அதிலிருந்து ஒன்றரை மணி நேரத்தை முக்கால் மணியாகக் குறைத்து, மீதியை மதியச் சாப்பாட்டோடு சேர்த்தேன். பாடாங் சாப்பாட்டுக் கடை. மெனு கார்டு கிடையாது. உட்கார்ந்ததும் ஒரு பையன் இடது கையில் விரல் நுனியிலிருந்து முழங்கைக்கு மேல்வரை பதினைந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக மேஜையில் பரப்பிவிடுவான். ரெண்டாங் இறைச்சி, தேங்காய்ப்பாலில் வெந்த மீன், பலாக்காய்க் குழம்பு, மரவள்ளி இலை, பச்சை மிளகாய்ச் சம்பல். எதைத் தொட்டோமோ அதற்கு மட்டும் காசு. "நாம் கேட்காததை ஏன் கொண்டுவந்தான்?" என்று எல்லாரும் கேட்பார்கள். சாப்பிட்டு முடித்ததும், மிச்சமிருப்பதை வைத்தே அவன் கணக்குப் போடும் வேகத்தைப் பார்த்த பிறகு கேட்கமாட்டார்கள். விரல் கழுவ வைத்த எலுமிச்சைத் துண்டு போட்ட கிண்ணத்துத் தண்ணீரை ஒருவர் எடுத்துக் குடித்தேவிட்டார். முன்கூட்டிச் சொல்லாதது என் தப்பு.

ஆனால் வந்தவர்கள் திண்டாடியது சாப்பாட்டில் இல்லை, ஒரு சொல்லில். 'பெலும்'. 'இன்னும் இல்லை' என்று பொருள். பம்ப் சரியாகிவிட்டதா என்று கேட்டால் "பெலும், பாக்." 'பாக்' என்றால் ஐயா மாதிரி. அந்த ஜெர்மானியர் இதைக் கேட்டுவிட்டு, பாதி வேலை முடிந்திருக்கிறது, நாளைக்கு ஆகிவிடும் என்று தலைமையகத்துக்கு மின்னஞ்சல் போட்டுவிட்டார். பம்பை இன்னும் கழற்றவே இல்லை.

பெலும் பொய் இல்லை. 'இல்லை' என்று கதவைச் சாத்த இங்கே யாருக்கும் மனம் வராது. அறுபது வயதுக்காரரிடம் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாலும் பெலும்தான். நாமும் "இன்னும் ஆகலைங்க" என்றுதானே சொல்கிறோம், "ஆகாது" என்றா சொல்கிறோம்? எனவே ஆறு ஸ்லைடாகச் சுருங்கிய என் அறிமுகத்தில் ஒரு முழு ஸ்லைடு இந்தச் சொல்லுக்கு. கூடவே ஒரு யோசனை: பெலும் என்று பதில் வந்தால் எப்போது என்று கேட்காதீர்கள், ஆரம்பித்தாயிற்றா என்று கேளுங்கள்.

அந்த ஜெர்மானியரே மறுவருடம் திரும்ப வந்தார். விடுமுறையையும் சேர்த்துக்கொண்டு பப்புவாவின் ராஜா அம்பாட் தீவுகளுக்குப் போய்விட்டு வந்திருந்தார். விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் நெரிசலில் நின்ற காரில், எங்கள் ஓட்டுநருக்குக் கைப்பேசியில் படங்களைக் காட்டினார். பச்சைக் கடலில் காளான் மாதிரி பாறைத் தீவுகள். ஓட்டுநர் மத்திய ஜாவாக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், என்னைவிட மூத்தவர். "அழகாக இருக்கிறது" என்று திருப்பிக் கொடுத்தார்.

"நீங்கள் போயிருக்கிறீர்களா?" என்று கேட்கச் சொன்னார் ஜெர்மானியர். கேட்டேன்.

"பெலும்."

பாலி? பெலும். சுமத்ரா? பெலும். ஜாவாவை விட்டே அவர் வெளியே போனதில்லை. நானோ கம்பெனி செலவில் அதற்குள் ஒன்பது தீவுகள் பார்த்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் விடியற்காலை என்னை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டவர் அவர்தான்.

கார் கொஞ்சம் நகர்ந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்து அவரே கேட்டார். இந்திப் படத்தில் காஷ்மீர் பார்த்தாராம், பனிமலை, தோணி வீடு எல்லாம். உங்கள் நாடுதானே, போயிருக்கிறீர்களா என்று.

"பெலும், பாக்" என்றேன்.