கம்பியில் படிந்த பாலைவனம்

கரீபியன் தீவான பார்படோஸில் இன்று காலை மாடிக் கைப்பிடிக் கம்பியைத் துடைத்த வெள்ளைத் துணியில், செங்கல்லை உரசியது போன்றதொரு பழுப்புக் கறை படிந்தது.

சகாராவில் கிளம்பி, அட்லாண்டிக்கைக் கடந்து, ஏறக்குறைய ஒரு வாரம் காற்றிலேயே பயணம் செய்து வந்த தூசி அது.

இத்தூசியை வளிமண்டல ஆய்வாளர் ஜோசப் பிராஸ்பெரோ 1965ஆம் ஆண்டிலேயே இத்தீவில் அளக்கத் தொடங்கினார். கடலிலிருந்து வீசும் காற்றை வடிதாளின் வழியே இழுத்து, அதில் சிக்கிய உப்பை நீரால் கழுவி, தாளை எரித்து, மிஞ்சும் சாம்பலை நிறுத்துப் பார்ப்பதுதான் முறை. இத்தனை எளிய வேலையைப் பல பத்தாண்டுகள் விடாமல் செய்வதுதான் கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பொறுமையால்தான், ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதி வறட்சியில் வாடிய 1970களிலும் 1980களிலும் இங்கே வந்து சேர்ந்த தூசி கூடியது என்பது தெரியவந்தது.

ஆஸ்துமாவுக்கும் இத்தூசிக்கும் உள்ள தொடர்பில் மட்டும் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. இன்னொரு கரீபியன் தீவான டிரினிடாடில் தொடர்பு தென்பட்டது. பார்படோஸில் அவ்வளவு தெளிவாகத் தென்படவில்லை.

துணியை இரண்டு முறை அலசிவிட்டேன்; பக்கெட் நீரின் அடியில் மெல்லிய செம்படிவம் இன்னும் கிடக்கிறது.